இரண்டாம் உலகப் போர்க்கால இந்தியப் பொருளாதாரமும் சமூகமும்

இரண்டாம் உலகப் போர்க்கால இந்தியப் பொருளாதாரமும் சமூகமும் என்னும் இக்கட்டுரை, 1939 முதல் 1945 வரை நடைபெற்ற இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய இந்தியா பங்குபெற்றதனால் அந்நாட்டின் நிதி, தொழில், உணவு வழங்கல், வேலைவாய்ப்பு, குடும்ப வாழ்க்கை ஆகியவற்றில் ஏற்பட்ட மாற்றங்களை விளக்குகின்றது. போரின் பெரும்பகுதி இந்திய எல்லைக்கு வெளியே நடைபெற்றது. எனினும் அதன் விளைவுகள் நாட்டின் ஏறக்குறைய எல்லா ஊர்களையும் எட்டின. பணவீக்கம், பங்கீட்டு முறை, கறுப்புச் சந்தை, அகவிலைப்படி, இறக்குமதி உரிமம் போன்றவை பொதுமக்களின் அன்றாட வாழ்வில் நிலைபெற்றது இக்காலத்திலேயே ஆகும். போரின் முடிவில் இந்தியா பிரித்தானியாவுக்குக் கடன்பட்ட நாடு என்ற நிலையிலிருந்து அதற்குக் கடன் கொடுத்த நாடு என்ற நிலைக்கு மாறியிருந்தது. இதே காலத்தில் வங்காளத்தில் பல இலட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர்.

போருக்கு முந்தைய நிலை

1930களின் உலகப் பொருளாதார நெருக்கடி இந்திய வேளாண்மையைக் கடுமையாகப் பாதித்திருந்தது. விளைபொருட்களின் விலை வீழ்ந்ததால் உழவர்களின் கடன்சுமை பெருகியது. பருத்தி ஆலைகள், சணல் ஆலைகள், சர்க்கரை ஆலைகள், ஜம்செட்பூர் இரும்பு எஃகு ஆலை முதலியவை இருந்தபோதிலும், இயந்திரங்கள், வேதிப்பொருட்கள், ஊர்திகள், மருந்துகள் ஆகியவற்றிற்கு நாடு பெரும்பாலும் இறக்குமதியையே நம்பியிருந்தது.

நாணய நிருவாகம் 1935 ஏப்ரல் 1 அன்று பணியைத் தொடங்கிய இந்திய ரிசர்வ் வங்கியிடம் இருந்தது. ஒரு ரூபாய்க்கு 1 சிலிங் 6 பென்ஸ் என்னும் நிலையான மாற்று வீதத்தில் ரூபாய் பிரித்தானிய நாணயமான ஸ்டெர்லிங்குடன் பிணைக்கப்பட்டிருந்தது. இந்திய அரசு இலண்டனில் பெருந்தொகை கடன் வாங்கியிருந்தது. அக்கடனுக்கான வட்டியை ஆண்டுதோறும் செலுத்துவது அரசின் பெரும் பொறுப்புகளுள் ஒன்றாக இருந்தது.

போரில் நுழைவு

1939 செப்டம்பர் 3 அன்று பிரித்தானியா செருமனி மீது போர் அறிவித்தது. அதே நாளில் அரசப் பிரதிநிதி லின்லித்கோ பிரபு இந்தியாவும் போர் நிலையில் உள்ளதாக அறிவித்தார். மத்திய சட்டமன்றத்தையோ மாகாணங்களில் ஆட்சியிலிருந்த கட்சிகளையோ அவர் கலந்தாலோசிக்கவில்லை. இதனை எதிர்த்து இந்திய தேசிய காங்கிரசின் மாகாண அமைச்சரவைகள் 1939 அக்டோபர், நவம்பர் மாதங்களில் பதவி விலகின. சென்னை மாகாணத்தில் இராசகோபாலாச்சாரி தலைமையிலான அமைச்சரவையும் பதவி துறந்தது. அங்கு ஆளுநரின் நேரடி ஆட்சி ஏற்பட்டது. இதனால் போர்க்கால முடிவுகளுள் பல, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகளின் பொறுப்பின்றி ஆணைகள் மூலமே நிறைவேற்றப்பட்டன. இவற்றுக்குச் சட்ட அடிப்படையாக 1939 ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் அமைந்தது.

1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் இரங்கூனும் வீழ்ந்தன. அதுவரை தொலைவில் நடந்த போருக்கு வழங்கல் தளமாக இருந்த இந்தியா, அதன் பின்னர் போர் முனைக்கு அண்மையிலுள்ள நாடாக மாறியது.

போர்ச் செலவும் நிதி ஏற்பாடும்

1939 நவம்பரில் இந்திய அரசுக்கும் பிரித்தானிய அரசுக்கும் இடையே பாதுகாப்புச் செலவு குறித்த உடன்பாடு ஏற்பட்டது. இதன்படி வழக்கமான அமைதிக்காலச் செலவையும் இந்தியாவின் சொந்தப் பாதுகாப்புக்கான செலவையும் இந்தியா ஏற்கும். வெளிநாட்டுப் போர்முனைகளில் இந்தியப் படைகளைப் பயன்படுத்துவதற்கான செலவையும், பிரித்தானியாவுக்காக இந்தியாவில் வாங்கப்படும் பொருட்களின் விலையையும் பெரும்பாலும் பிரித்தானியா ஏற்கும்.

இந்திய அரசின் பாதுகாப்புச் செலவு 1939-40 நிதியாண்டில் சுமார் 50 கோடி ரூபாயாக இருந்தது. 1944-45 இல் அது 400 கோடி ரூபாயைத் தாண்டியது. இதற்காக வருமான வரி உயர்த்தப்பட்டது. போரினால் நிறுவனங்கள் ஈட்டிய கூடுதல் இலாபத்தின் மீது 1940 இல் மிகை இலாப வரி விதிக்கப்பட்டது. வருமானம் ஈட்டும் ஆண்டிலேயே வரியை முன்கூட்டிச் செலுத்தும் முறை 1944 இல் கொண்டுவரப்பட்டது. பாதுகாப்புப் பத்திரங்களும் சேமிப்புச் சான்றிதழ்களும் விற்கப்பட்டன. ஊர்கள்தோறும் போர் நிதி திரட்டப்பட்டது.

ஸ்டெர்லிங் நிலுவைகள்

பிரித்தானியா தான் வாங்கிய பொருட்களுக்கும் சேவைகளுக்கும் இந்தியாவில் ரூபாயாகப் பணம் செலுத்தவில்லை. அத்தொகை இலண்டனில் ரிசர்வ் வங்கியின் கணக்கில் ஸ்டெர்லிங் பத்திரங்களாக வரவு வைக்கப்பட்டது. அப்பத்திரங்களை ஆதாரமாகக் கொண்டு ரிசர்வ் வங்கி இந்தியாவில் புதிய ரூபாய்த் தாள்களை வெளியிட்டது. அப்பணத்தைக் கொண்டு அரசு ஆலைகளுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் படைவீரர்களுக்கும் பணம் வழங்கியது.

இதன் விளைவு இருவகைப்பட்டது. முதலாவதாக, இலண்டனில் இந்தியாவுக்கு வரவேண்டிய தொகை பெருகியது. இதைக் கொண்டு இந்தியாவின் பழைய ஸ்டெர்லிங் கடனின் மிகப் பெரும்பகுதி அடைக்கப்பட்டது. அதன் பிறகும் போரின் முடிவில் ஏறத்தாழ 1,300 மில்லியன் பவுண்டு, அதாவது 1,700 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகை இந்தியாவின் கணக்கில் நிலுவையாக இருந்தது. இரண்டாவதாக, உள்நாட்டில் பொருட்கள் குறைந்துகொண்டிருக்கப் பணம் மட்டும் பெருகியது. இலண்டனில் இருந்த சொத்தைக் கொண்டு போர் முடியும்வரை இயந்திரங்களையோ உணவையோ விரும்பியபடி வாங்க இயலவில்லை. எனவே அந்நிலுவை இந்திய மக்களின் நுகர்விலிருந்து கட்டாயமாகப் பிடிக்கப்பட்ட சேமிப்பு என்று பொருளியலாளர் பலர் கருதுகின்றனர்.

பணவீக்கமும் நாணயத் தட்டுப்பாடும்

1939 ஆகஸ்டில் 180 கோடி ரூபாய் அளவில் இருந்த தாள் பணப் புழக்கம் 1945 இறுதியில் ஏறக்குறைய 1,200 கோடி ரூபாயாக உயர்ந்தது. மொத்த விற்பனை விலைகளின் அரசுக் குறியீட்டெண் இக்காலத்தில் சுமார் இரண்டரை மடங்கானது. கறுப்புச் சந்தை விலைகள் இக்குறியீட்டில் அடங்கா என்பதால் உண்மையான விலையேற்றம் இதனினும் மிகுதியாகும்.

போர் தொடங்கியபின் மக்கள் வெள்ளி நாணயங்களைப் பதுக்கத் தொடங்கினர். இதனால் 1940 இல் ஒரு ரூபாய்த் தாள் மீண்டும் வெளியிடப்பட்டது. வெள்ளி ரூபாயில் இருந்த வெள்ளியின் அளவு பன்னிரண்டில் பதினொரு பங்கிலிருந்து பாதியாகக் குறைக்கப்பட்டது. 1943 இல் இரண்டு ரூபாய்த் தாள் வெளிவந்தது. உலோகத்தைச் சிக்கனப்படுத்த நடுவில் துளையுள்ள காலணா நாணயம் 1943 முதல் அச்சிடப்பட்டது. தமிழகத்தில் 'ஓட்டைக் காலணா' என்று வழங்கப்பட்டது இந்நாணயமே ஆகும்.

தொழில்துறை

இறக்குமதி நின்றதும் படைத்தேவை பெருகியதும் இந்தியத் தொழில்களுக்குப் பெரும் சந்தையை உருவாக்கின. பீரங்கித் தொழிற்சாலைகள் விரிவாக்கப்பட்டன. சீருடைத் துணி, கூடாரம், காலணி, கம்பளி, மணல் மூட்டைக்கான சணல் பை, எஃகு, சிமெண்ட் ஆகியன பெருமளவில் கொள்முதல் செய்யப்பட்டன. டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் அளித்த எஃகுத் தகடுகளைக் கொண்டு கவச ஊர்திகள் செய்யப்பட்டன. அவை 'டாட்டாநகர்' என்று அறியப்பட்டன. வால்சந்து இராச்சந்து மைசூர் அரசின் துணையுடன் 1940 டிசம்பரில் பெங்களூரில் இந்துஸ்தான் விமான நிறுவனத்தைத் தொடங்கினார். 1942 இல் இந்திய அரசு இதன் பொறுப்பை ஏற்றது. போர்க்காலத்தில் இது நேச நாட்டு விமானங்களைப் பழுதுபார்க்கும் பெரிய மையமாக விளங்கியது. அறிவியல் தொழில் ஆய்வு மன்றம் 1942 இல் நிறுவப்பட்டது. ஆல்வாய் அருகே அலுமினிய உருக்காலை 1943 இல் உற்பத்தியைத் தொடங்கியது.

எனினும் இவ்வளர்ச்சிக்கு எல்லைகள் இருந்தன. புதிய இயந்திரங்கள் கிடைக்காததால், இருந்த இயந்திரங்களைக் கொண்டே இரவும் பகலும் கூடுதல் முறைகளில் வேலை வாங்கப்பட்டது. ஆலைகளின் இலாபம் பெருகியது. ஆனால் இயந்திரங்கள் தேய்ந்தன. ஒட்டுமொத்தத் தொழில் உற்பத்தி உயர்வு, அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ கனடாவிலோ ஏற்பட்ட உயர்வுடன் ஒப்பிட மிகக் குறைவே ஆகும். போரினால் அந்நாடுகளில் புதிய ஆலைகள் எழுந்தன. இந்தியாவில் இருந்த ஆலைகள் மேலும் உழைத்தன.

கோயம்புத்தூர், மதுரை ஆகிய நகரங்களின் பஞ்சாலைகள் இக்காலத்தில் மிகுந்த இலாபம் ஈட்டின. இதற்கு மாறாக, கைத்தறி நெசவாளர்கள் நூல் தட்டுப்பாட்டால் துன்புற்றனர். துணி விலை கட்டுக்கடங்காமல் உயர்ந்ததால், 1943 சூனில் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. அதன்பின் ஆலைத் துணிகளில் விலை முத்திரையிடப்பட்டது.

போக்குவரத்தும் எரிபொருளும்

இரயில் எஞ்சின்கள், பெட்டிகள், தண்டவாளங்கள் ஆகியவற்றின் ஒரு பகுதி மத்திய கிழக்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்டது. வருவாய் குறைந்த பல கிளைப் பாதைகள் பெயர்த்தெடுக்கப்பட்டன. தருமபுரி வழியே சென்ற மொரப்பூர் - ஓசூர் குறுகிய இருப்புப் பாதை இவ்வாறு நீக்கப்பட்டவற்றுள் ஒன்றாகும். எஞ்சிய வண்டிகளில் படைகளுக்கும் போர்த் தளவாடங்களுக்குமே முன்னுரிமை தரப்பட்டது. தேவையற்ற பயணத்தைத் தவிர்க்குமாறு பொதுமக்கள் வேண்டப்பட்டனர். உணவு தானியங்களை மிகுதியுள்ள இடத்திலிருந்து பற்றாக்குறை இடத்திற்குக் கொண்டுசெல்வதில் ஏற்பட்ட தடங்கலுக்கு இது ஒரு முக்கிய காரணமாயிற்று.

1941 இல் பெட்ரோல் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. பேருந்துகள் பலவற்றின் பின்புறத்தில் கரியை எரித்து வாயு உண்டாக்கும் கலன் பொருத்தப்பட்டது. இத்தகைய கரி வாயுப் பேருந்துகள் சென்னை மாகாணச் சாலைகளில் போர் முடிந்த பின்னரும் சில ஆண்டுகள் ஓடின. பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்த 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணிநேரம் முன்தள்ளி வைக்கப்பட்டன.

உணவும் பஞ்சமும்

போருக்கு முன் இந்தியா பர்மாவிலிருந்து ஆண்டுதோறும் பத்து இலட்சம் டன்னுக்கு மேல் அரிசியை இறக்குமதி செய்துவந்தது. நாட்டின் மொத்த உணவுத் தேவையில் இது சிறு பங்கே ஆகும். ஆனால் வங்காளம், சென்னை மாகாணம், திருவிதாங்கூர், கொச்சி போன்ற அரிசி உண்ணும் பகுதிகளில் சந்தை விலையை நிலைப்படுத்தியது இவ்வரவே ஆகும். 1942 இல் பர்மா வீழ்ந்ததும் இது முற்றாக நின்றது. ஒவ்வொரு மாகாணமும் தன் தானியம் வெளியேறுவதைத் தடுத்தது. விலை ஏறும் என்னும் எதிர்பார்ப்பில் வணிகர்களும் பெருநிலக்கிழார்களும் இருப்பை வைத்துக்கொண்டனர்.

வங்காளப் பஞ்சம்

1942 இல் ஜப்பானியர் வங்காளக் கரையில் இறங்கக்கூடும் என்ற அச்சத்தால் மறுப்புக் கொள்கை பின்பற்றப்பட்டது. கரையோர மாவட்டங்களில் மிகுதியாக இருந்த அரிசி கொள்முதல் செய்யப்பட்டு அகற்றப்பட்டது. பத்து பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகள் பறிமுதல் செய்யப்பட்டன அல்லது அழிக்கப்பட்டன. ஆறுகளே சாலைகளாக இருந்த அப்பகுதியில் மீனவர், படகோட்டிகள், சிறு வணிகர் ஆகியோரின் பிழைப்பு இதனால் நின்றது. 1942 அக்டோபர் 16 அன்று மிதினாப்பூர் கரையைத் தாக்கிய புயலும், தொடர்ந்து வந்த நெற்பயிர் நோயும் நிலைமையை மோசமாக்கின.

படைத்தளங்கள் கட்டுதல், கொல்கத்தாவின் போர்த்தொழில்கள் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களிடம் பணம் புழங்கியது. கொல்கத்தாவின் தொழிலாளர்களுக்கு நிறுவனங்கள் மூலம் குறைந்த விலையில் அரிசி வழங்கப்பட்டது. ஊர்ப்புறத்தின் நிலமற்ற கூலிகள், மீனவர், கைவினைஞர் ஆகியோரின் கூலி விலையேற்றத்தை எட்டவில்லை. 1943 கோடையில் கூட்டம் கூட்டமாக மக்கள் கொல்கத்தாவிற்கு வந்து தெருக்களில் மடிந்தனர். பஞ்சச் சட்டத் தொகுப்பின்படி பஞ்சம் என்று அரசு அறிவிக்கவில்லை. 1943 ஆகஸ்டில் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் வெளியிட்ட ஒளிப்படங்கள் உலகின் கவனத்தை ஈர்த்தன. அக்டோபரில் அரசப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்ற வேவல் பிரபு நிவாரணப் பணியில் படையை ஈடுபடுத்தினார்.

1945 இல் அறிக்கை அளித்த பஞ்ச விசாரணை ஆணையம் இறந்தோர் தொகையை 15 இலட்சம் என மதிப்பிட்டது. பிற்கால ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் பெரும்பாலும் 20 இலட்சம் முதல் 30 இலட்சம் வரையும் சில அதற்கு மேலும் செல்கின்றன. காரணம் குறித்துக் கருத்து வேறுபாடு நிலவுகிறது. உணவின் மொத்த அளவில் ஏற்பட்ட குறைவைவிட, மக்களில் ஒரு பகுதியினர் உணவைப் பெறும் ஆற்றலை இழந்ததே முதன்மைக் காரணம் என்பது 1981 இல் அமார்த்ய சென் முன்வைத்த கருத்தாகும். விளைச்சல் குறைவுக்கு மேலும் அழுத்தம் தரும் ஆய்வாளர்களும் உள்ளனர். தானியக் கப்பல்களை இந்தியாவுக்குத் திருப்பி விடுவதில் சர்ச்சிலின் அரசு காட்டிய தயக்கமும் கடுமையாக விமரிசிக்கப்படுகிறது.

பங்கீட்டு முறை

1942 டிசம்பரில் மத்திய அரசில் உணவுத் துறை தனியாக ஏற்படுத்தப்பட்டது. ஒரு இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் பங்கீட்டைக் கொண்டுவருமாறு 1943 இல் உணவு தானியக் கொள்கைக் குழு பரிந்துரைத்தது. பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் 1943 இலும் கொல்கத்தாவில் 1944 தொடக்கத்திலும் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. பின்னர் இது நூற்றுக்கணக்கான நகரங்களுக்கு விரிவடைந்தது. அரிசி, கோதுமை, சர்க்கரை, மண்ணெண்ணெய் ஆகியன அட்டைக்கு இவ்வளவு என அளந்து வழங்கப்பட்டன. அரிசி மட்டுமே உண்டு பழகிய குடும்பங்களுக்குக் கோதுமையும் பிற தானியங்களும் கொடுக்கப்பட்டன. திருவிதாங்கூரில் மரவள்ளிக் கிழங்கு ஏழைகளின் முதன்மை உணவாயிற்று.

படைக்கு ஆட்சேர்ப்பு

1939 இல் சுமார் 2 இலட்சம் வீரர்களைக் கொண்டிருந்த இந்தியப் படை, 1945 இல் 25 இலட்சமாகப் பெருகியது. இவர்கள் கட்டாயச் சேவையின்றித் தாமாகச் சேர்ந்தவர்கள் ஆவர். எனினும் வேலையின்மையும் உணவுத் தட்டுப்பாடும் பலரைப் படையை நோக்கித் தள்ளின என்பது குறிப்பிடத்தக்கது. வட ஆப்பிரிக்கா, இத்தாலி, மலாயா, பர்மா ஆகிய முனைகளில் போரிட்ட இப்படையில் 87,000 பேருக்கு மேல் உயிரிழந்தனர்.

1857 கிளர்ச்சிக்குப் பின் 'போர்க்குடிகள்' என வகைப்படுத்தப்பட்ட வடமேற்கு இந்தியச் சமூகங்களிலிருந்தே பெரும்பாலும் ஆட்கள் சேர்க்கப்பட்டு வந்தனர். போர்த்தேவை இவ்வரம்பை உடைத்தது. சென்னை மாகாணத்திலிருந்து பெருந்தொகையானோர் பொறியியல், ஊர்தி, மருத்துவம், காலாட்படைப் பிரிவுகளில் சேர்ந்தனர். ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் படையில் இடம் கிடைத்தது. 1941 இல் மகர் ரெசிமெண்ட் உருவாக்கப்பட்டது. வீடுகளுக்கு மாதந்தோறும் வந்த படைவீரரின் பணவிடை ஊர்ப்புறக் குடும்பங்கள் பலவற்றுக்கு முதன்மை வருவாயாக அமைந்தது. போர்க்கு முன் சில நூறாக இருந்த இந்திய அதிகாரிகளின் எண்ணிக்கை பல ஆயிரமாக உயர்ந்தது. விடுதலை பெற்ற இந்தியா, பாக்கித்தான் ஆகிய நாடுகளின் படைத் தலைமை இவர்களிடமிருந்தே உருவானது.

பெண்களின் நிலை

1942 இல் இந்தியப் பெண்கள் துணைப்படை நிறுவப்பட்டது. இதில் சேர்ந்தோர் எழுத்தர், தொலைபேசி இயக்குநர், குறியீட்டுப் பணியாளர் முதலிய பணிகளைச் செய்தனர். செவிலியர் பணியிலும் அரசு அலுவலகங்களிலும் படித்த பெண்கள் கூடுதலாக நுழைந்தனர்.

மறுபுறம், நிலக்கரித் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, சுரங்கத்தின் அடியில் பெண்கள் வேலை செய்வதற்கு இருந்த தடையை 1943 இல் அரசு நீக்கியது. இந்தியாவிலும் பிரித்தானியாவிலும் எழுந்த எதிர்ப்பிற்குப் பின் 1946 இல் இத்தடை மீண்டும் விதிக்கப்பட்டது. வங்காளப் பஞ்சத்தில் கணவன்மாரால் கைவிடப்பட்டோ அவர்களை இழந்தோ தனித்து நின்ற பெண்கள் மிகுந்த இன்னலுக்கு ஆளாயினர்.

பர்மாவிலிருந்து திரும்பியோர்

1941 டிசம்பர் 23 அன்று இரங்கூன் மீது குண்டு வீசப்பட்டதைத் தொடர்ந்து, அங்கு வாழ்ந்த இந்தியர்கள் வெளியேறத் தொடங்கினர். கப்பலில் இடம் கிடைத்தவர் சிலரே. 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அரக்கான், மணிப்பூர், அசாம் வழிகளில் தாயகம் திரும்பினர். காடுகளிலும் மலைகளிலும் பல்லாயிரம் பேர் காலரா, மலேரியா, பசி ஆகியவற்றால் இறந்தனர். இவர்களுள் தமிழரும் தெலுங்கரும் பெருந்தொகையினர்.

கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் ஏறத்தாழ கால் பங்கு நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கையில் இருந்தது. உலகப் பொருளாதார நெருக்கடியில் கடனுக்கு ஈடாக இவை அவர்களை வந்தடைந்தவை. போர் இவ்வுடைமையிலிருந்து அவர்களைப் பிரித்தது. விடுதலை பெற்ற பர்மாவின் நிலச் சட்டங்களுக்குப் பின் அது மீளவே இல்லை. செட்டிநாட்டு முதலீட்டில் ஒரு பகுதி தமிழகத்தின் ஆலைகளுக்கும் வங்கிகளுக்கும் திரும்பியது.

சென்னை மாகாணம்

1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பு மீதும், 6 அன்று விசாகப்பட்டினம், காக்கிநாடா மீதும், 9 அன்று திருகோணமலை மீதும் ஜப்பானியர் குண்டு வீசினர். சென்னை தாக்கப்படும் என்ற அச்சம் பரவியது. அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு நகரங்களுக்கு மாற்றப்பட்டன. இலட்சக்கணக்கானோர் தொடர்வண்டிகளிலும் மாட்டு வண்டிகளிலும் நகரை விட்டு வெளியேறினர். குண்டுவீச்சில் தப்பி வெளிவரக்கூடும் என்பதால் மாநகர விலங்குக் காட்சிச்சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. வீட்டு வாடகையும் மனை விலையும் நகரில் சரிந்தன. உள்ளூர்களில் உயர்ந்தன. படையெடுப்பு நிகழவில்லை. 1943 அக்டோபரில் ஒரேயொரு ஜப்பானிய விமானம் சென்னை மீது சிறு குண்டுவீச்சு நடத்தியது.

1942 ஆகஸ்ட் 8 அன்று வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் காலையிலேயே தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். நாடெங்கும் கிளர்ச்சி மூண்டது. தமிழகத்தில் தேவகோட்டை நீதிமன்றக் கட்டடமும் கோயம்புத்தூரை அடுத்த சூலூர் விமான தளமும் தீக்கிரையாயின. விலையேற்றமும் போர் குறித்த அச்சமும் இக்கிளர்ச்சியின் பின்னணியில் இருந்தன.

உழவர், தொழிலாளர், நடுத்தர வகுப்பினர்

விலையேற்றம் எல்லோரையும் ஒரே வகையில் பாதிக்கவில்லை. விற்பதற்கு மிகுதியான விளைச்சல் வைத்திருந்த பெரிய உழவர்கள் பழைய கடன்களை அடைத்தனர். சென்னை மாகாண அரசுக்காக நாராயணசாமி நாயுடு நடத்தி 1946 இல் வெளியான ஊரகக் கடன் ஆய்வு, மாகாணத்தின் மொத்தக் கடன் குறைந்ததையும், நிலமற்ற கூலிகளின் கடன் அதே காலத்தில் கூடியதையும் காட்டியது.

ஆலைத் தொழிலாளருக்கு வேலை பெருகியது. ஆயினும் கூலியின் வாங்கும் ஆற்றல் குறைந்ததால், விலைக்கேற்ப அகவிலைப்படி வழங்கும் முறை பரவலானது. 1942 முதல் 1946 வரை அரசப் பிரதிநிதியின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தவர் அம்பேத்கர் ஆவார். அரசு, முதலாளி, தொழிலாளர் ஆகிய முத்தரப்பு மாநாடு 1942 இல் தொடங்கியது. மாதச் சம்பளத்தில் வாழ்ந்த எழுத்தர், ஆசிரியர் போன்றோர் மிகுந்த நெருக்கடிக்கு ஆளாயினர்.

கட்டுப்பாட்டு விலைக்கும் சந்தை விலைக்கும் இடையிலான வேறுபாடு கறுப்புச் சந்தையை வளர்த்தது. ஒப்பந்தங்கள், உரிமங்கள் ஆகியவற்றைப் பெறக் கையூட்டு வழங்குவது பெருகியது. கணக்கில் வராத இவ்வருவாயைப் பிடிக்கும் நோக்கில் 1946 சனவரியில் 500, 1,000, 10,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன.

இதழ்களும் திரைப்படமும்

தாள் கட்டுப்பாட்டினால் செய்தித்தாள்களும் இதழ்களும் பக்கங்களைக் குறைத்தன. படச்சுருள் இறக்குமதி குறைந்ததால் திரைப்படங்களின் நீளம் 11,000 அடிக்கு வரையறுக்கப்பட்டது. அதுவரை மிக நீண்டிருந்த தமிழ்ப்படங்களில் பாடல்களின் எண்ணிக்கை குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும். போர் முயற்சியை ஆதரிக்கும் படங்களை எடுக்குமாறு தயாரிப்பாளர்கள் தூண்டப்பட்டனர். 1945 இல் வெளிவந்த 'மானசம்ரட்சணம்', 'பர்மா ராணி' ஆகிய தமிழ்ப்படங்கள் இத்தகையவை.

போருக்குப் பிந்தைய விளைவுகள்

போர் முடிந்ததும் இலட்சக்கணக்கான வீரர்கள் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டனர். அவர்களுக்கு வேலை தேடித்தர 1945 இல் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் ஏற்படுத்தப்பட்டன. இந்திய தேசியப் படையினர் மீது 1945 நவம்பரில் தில்லி செங்கோட்டையில் தொடங்கிய விசாரணையும், 1946 பெப்ரவரியில் நடந்த கடற்படைக் கிளர்ச்சியும், இந்தியப் படையை நம்பிப் பிரித்தானியா இனி ஆள இயலாது என்பதை உணர்த்தின.

தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்ட கட்டுப்பாடுகள் பல நிலைத்துவிட்டன. போர்க்கால அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு 1947 இல் தனிச் சட்டமாயிற்று. 1940 இல் தொடங்கிய இறக்குமதி உரிம முறை அடுத்த அரை நூற்றாண்டு நீடித்தது. இன்றியமையாப் பொருட்கள் குறித்த 1946 ஆம் ஆண்டின் தற்காலிகச் சட்டத்தின் இடத்தை 1955 ஆம் ஆண்டின் சட்டம் பெற்றது. இன்றைய நியாயவிலைக் கடைகளின் முன்னோடி போர்க்காலப் பங்கீட்டுக் கடைகளே ஆகும். 1944 இல் தொழிலதிபர்கள் வெளியிட்ட பம்பாய்த் திட்டம் 15 ஆண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீட்டை முன்மொழிந்தது. அரசு பொருளாதாரத்தை வழிநடத்தலாம் என்னும் எண்ணம் முதலாளிகளிடையேயும் ஏற்கப்பட்டதை இது காட்டுகிறது.

ஸ்டெர்லிங் நிலுவைகளைக் குறைத்துக்கொள்ளுமாறு பிரித்தானியாவில் சிலர் கோரினர். இந்தியத் தரப்பு இதனை மறுத்தது. 1948 இல் இலண்டனில் நடந்த பேச்சுக்களில் இந்தியக் குழுவுக்கு நிதியமைச்சர் ஆர். கே. சண்முகம் செட்டியார் தலைமை வகித்தார். நிலுவை தவணைகளாக விடுவிக்கப்பட்டது. 1950களில் உணவு, இயந்திர இறக்குமதிக்கு இது பெருமளவு செலவழிந்தது.

மதிப்பீடு

போர் இந்தியாவை வளப்படுத்தியதா வறுமைப்படுத்தியதா என்பது குறித்து இருவேறு கருத்துக்கள் உள்ளன. வெளிக்கடன் ஒழிந்தமை, தொழில்திறன் பெற்ற தொழிலாளர் பெருகியமை, உள்நாட்டு முதலாளிகள் வலுப்பெற்றமை, படையில் இந்தியர் உயர்நிலை அடைந்தமை ஆகியவற்றை ஒரு சாரார் சுட்டுகின்றனர். தலைக்குக் கிடைத்த உணவும் துணியும் குறைந்தமை, இருப்புப் பாதைகளும் இயந்திரங்களும் தேய்ந்தமை, வங்காளத்தின் உயிரிழப்பு ஆகியவற்றை மறு சாரார் சுட்டுகின்றனர். இவ்விரண்டும் ஒரே நிதி ஏற்பாட்டின் இரு பக்கங்கள் ஆகும். இலண்டன் கணக்கில் சேர்ந்த ஒவ்வொரு பவுண்டுக்கும் ஈடான நெல்லும் துணியும் உழைப்பும் இந்தியாவிலிருந்து சென்றன. அந்நிலுவை பின்னர் நாட்டுக்குத் திரும்பியது. அதற்கான விலையைச் செலுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு அது திரும்பவில்லை.